பூநாரையைத் தேடிப் போனார்கள். பார்த்தது வெறும் தண்ணீர்!

மே மாதம். ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை.

சென்னையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. எங்கேயாவது போய் வரவேண்டும் என்று குழந்தைகள் நச்சரிக்கிறார்கள். அப்பா செல்போனை எடுக்கிறார். இரண்டு தட்டுத் தட்டுகிறார். ஓர் இணையதளம் திறக்கிறது.

அடடா! என்ன அழகு! நீல நிறத்தில் தண்ணீர். அதன் நடுவே ரோஜா நிறத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள். பக்கத்திலே ஒரு படகு. “பழவேற்காடு ஏரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

“இங்கே பாரு, எவ்வளவு கிட்டத்திலே இருக்கு! அறுபது கிலோ மீட்டர்தான்” என்கிறார் கணவர்.

“படகு விடுவாங்களா?” என்று கேட்கிறாள் மனைவி.

“படத்திலேயே இருக்கே!”

அவ்வளவுதான். புளிச் சாதம் கட்டியாயிற்று. தண்ணீர் பாட்டில் எடுத்தாயிற்று. குடும்பம் புறப்பட்டுவிட்டது.

பகல் பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் போய் இறங்குகிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏரி இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. பூநாரையைத்தான் காணோம்! கரையில் வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்த மீனவரிடம் போய்க் கேட்கிறார்கள்.

“பூநாரையா? அது குளிர்காலத்துப் பறவை சார். கார்த்திகைக்கு மேலே வாங்க.”

“படகு சவாரி?”

“இது மீன் பிடிக்கிற படகு சார். சவாரிக்கு ஆள் ஏத்தக் கூடாது.”

குழந்தைகளின் முகம் வாடிவிடுகிறது. பாட்டி ஒரு மர நிழலைத் தேடி உட்காருகிறாள். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இந்த ஏமாற்றம் யாருக்கும் நேரக் கூடியது.

தப்பு யாருடையது? ஏரியுடையதா? பறவையுடையதா? இல்லை. வழி சொல்ல வேண்டிய இணையதளம், பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டது. அதுதான் தப்பு!

வழிகாட்டி மாறிவிட்டான்

முன்பெல்லாம் ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்றால், போய் வந்தவரைக் கேட்போம். அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். மெய் சொல்கிறாரா, அளக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

இப்போது வழிகாட்டி, செல்போனுக்குள் இருக்கிறான். சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா நகருக்கு அருகே, ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், 1991-ம் ஆண்டு உலகின் முதல் இணையதளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று சின்னஞ்சிறு ஊருக்கும் இணையதளம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் இந்த வழிகாட்டிக்கு முகம் கிடையாது. அவன் சொல்வது மெய்யா, பொய்யா என்பதை நாம்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

எப்படிச் சோதிப்பது? பழவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரைப் பற்றிய ஓர் இணையதளம் என்னென்ன சொன்னால் நல்ல தளம்? எதைச் சொல்லாவிட்டால் மோசமான தளம்?

ஊருக்கு இரண்டு பெயர்

முதலில் பெயர். பஸ்ஸின் நெற்றியில் “பழவேற்காடு” என்று எழுதியிருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் “புலிகாட்” என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்! வெள்ளைக்காரர்களின் வாயில் நம் ஊர்ப் பெயர் அப்படி ஆகிவிட்டது. இதைத் தளம் முதல் வரியிலேயே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் “புலிகாட் பஸ் எது?” என்று கேட்டுக்கொண்டு, பழவேற்காடு பஸ்ஸைக் கண் எதிரே விட்டுவிட்டு நிற்கவேண்டியதுதான்.

அடுத்தது இடம். ஊர், திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடிக்கவேண்டும். ஏரியோ மிகப் பெரியது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோ மீட்டர் நீளம். அதன் தென்கோடிதான் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிதான் இந்தியாவில் முதலாவது. பழவேற்காடு இரண்டாவது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்ப் பறவை பார்த்தவர் எழுதியதும், தமிழ்நாட்டுப் பழவேற்காட்டுக்கு வந்தவர் எழுதியதும், ஒரே பெயரில் கலந்து கிடந்தால் என்ன ஆகும்? படிப்பவர் குழம்பிப் போவார். ஏரி ஒன்றுதான், ஆனால் கரைகள் பல. எந்தக் கரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தளம் தெளிவாகச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு படம் போதும். அம்புக்குறி போட்ட எளிய படம்!

பறவைக்கும் பருவம் உண்டு

பூநாரைகள் நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே கூட்டமாக வருகின்றன. கோடையில் அவற்றைத் தேடிப் போவது, சித்திரையில் பொங்கல் கரும்பு தேடுவது போல. “எப்போது வரலாம்?” என்பது தளத்தின் உச்சியில் இருக்கவேண்டிய செய்தி. அடியிலே, பொடி எழுத்திலே ஒளிந்திருக்கக் கூடாது.

படத்திலும் நேர்மை வேண்டும். பழவேற்காட்டுக்கு வரும் பெரிய பூநாரை, வெண்மை கலந்த இளஞ்சிவப்பு. சிறகை விரித்தால்தான் நல்ல சிவப்புத் தெரியும். குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறம். அது தின்னும் இரையில் உள்ள சாயச் சத்துத்தான் போகப் போக அதற்கு நிறம் கொடுக்கிறது. கரீபியன் தீவுகளில் வேறு வகைப் பூநாரை இருக்கிறது. அது நெருப்புப் போலச் சிவந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்து இங்கே ஒட்டினால், அது பறவைக்கு வேஷம் போடுவது அல்லவா?

இன்னொன்று. பறவைகள் ஆழமில்லாத தண்ணீரில், தூரத்தில் நிற்கும். கரையில் இருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு போலத்தான் தெரியும். “பைனாகுலர் கொண்டு வாருங்கள்” என்ற ஒரு வரி, பத்துப் படத்துக்குச் சமம்.

கிட்டே போய்ப் படம் பிடிக்கலாமா? கூடாது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டி இரை தேடும் பறவை. ஒவ்வொரு தடவையும் அதைப் பறக்க விட்டால், அதன் சாப்பாட்டு நேரத்தை நாம் திருடுகிறோம் என்று அர்த்தம். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைச் சரணாலயம் ஆயின. சரணாலயம் என்றால் அடைக்கலம் புகுந்த இடம். விருந்தாளியை விரட்டலாமா?

படகு: ஒரு வரியில் உயிர் இருக்கிறது

இனிமேல் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

2011-ம் ஆண்டு, டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் தினம். ஞாயிற்றுக்கிழமையும்கூட. விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் ஒரு படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். சிரித்துக்கொண்டு போன குடும்பம், திரும்பி வரவில்லை.

இந்தத் துயரத்துக்குப் பிறகு, உல்லாசப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

“ஏரிதானே? இடுப்பளவு தண்ணீர்தானே?” என்று நினைப்பவர்கள் உண்டு. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். மெய்தான். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அப்படி அல்ல. அலை ஏறும்போது கடல் உள்ளே பாயும். இறங்கும்போது ஏரி வெளியே பாயும். இழுப்பு பலமாக இருக்கும். மணல் மேடுகள் இடம் மாறும். தினமும் போகிற மீனவருக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்குத் தெரியுமா?

மீன்பிடிப் படகு, வலைக்கும் மீனுக்கும் செய்தது. பத்து இருபது பேர் எழுந்து நின்று படம் பிடித்துக்கொள்ளச் செய்தது அல்ல. ஆகவே, படகின் படத்தைப் பெரிதாகப் போட்டு, தடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத இணையதளம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அதற்கு மதிப்பெண் பூஜ்யம்தான்!

படகு சவாரி பற்றி இன்றைய உத்தரவு என்ன? லைஃப் ஜாக்கெட் விதி என்ன? அபாயம் நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதில் முதல் பக்கத்திலேயே, சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கவேண்டும். அந்தப் பதில் என்றைக்கு எழுதியது என்ற தேதியும் இருக்கவேண்டும். பழைய பால் குடிக்கலாகாது. பழைய செய்தியும் அப்படித்தான்.

ஏரி, வேடிக்கைப் பொருள் அல்ல

பறவையும் படகும் மட்டும்தான் பழவேற்காடா? அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள் ஐயா!

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. இந்த மூன்று ஊரார் நெடுங்காலமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் “பாடு” என்று பெயர். ஏரியில் இறால் படும் இடங்களை வகுத்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து மீன் பிடிக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். பணக்காரன் என்று ஒருவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஏரியில் மீன் அற்றுப்போகாமல் இருக்கவும், ஊரில் சண்டை மூளாமல் இருக்கவும் முன்னோர் செய்த ஏற்பாடு இது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

கழிகளை நட்டு, அதிலே வலை கட்டியிருப்பார்கள். விளையாட்டாகக் குறுக்கே படகு விட்டால், ஒரு குடும்பத்தின் அன்றைய கஞ்சி போய்விடும். இதை எந்தத் தளம் சொல்கிறதோ, அதுவே நல்ல தளம்.

இன்னும் சில பெண்கள் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். பனை ஓலையில் முடைந்த “பறி” என்னும் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் வேலை செய்யவேண்டும் அல்லவா? இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கும் உழைப்பு அது. அதைப் படம் எடுத்துப் போட்டு, “விநோதக் காட்சி” என்று தலைப்புக் கொடுக்கலாமா? அந்தப் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்கலாமா? நம் வீட்டுப் பெண் அடுப்படியில் நிற்கும்போது யாராவது வந்து படம் எடுத்தால் பொறுத்துக்கொள்வோமா?

முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது மீனவர்களின் பெரிய கவலை. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் மீனும் இறாலும் வராது. சுற்றுலாத் தளம் இதையும் நாலு வரி சொல்லலாம். ஏரியைப் பார்க்க வருகிறவன், ஏரியின் கஷ்டத்தையும் தெரிந்துகொண்டு போகட்டுமே!

கோட்டை எங்கே?

பழவேற்காட்டின் கதை பெரிய கதை. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் ஜெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமை இடம் இதுதான். பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1824-ல் ஏற்பட்ட உடன்படிக்கையால், இந்தியாவில் இருந்த டச்சுக்காரர்களின் ஊர்கள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன.

இங்கிருந்து துணி மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் “பெலிக்கட்” என்றுதான் பெயர். நம் பழவேற்காட்டின் பெயர்தான் அது!

ஆனால் “டச்சுக் கோட்டையைக் கண்டு களியுங்கள்” என்று ஒரு தளம் எழுதினால் நம்பிவிடாதீர்கள். செஞ்சிக் கோட்டை போல மதிலும் கொத்தளமும் நிற்கவில்லை. கோட்டையின் சிதைவுகள்தான் மிச்சம். பார்க்கவேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகளில் எழுத்தும் கோட்டையும் செதுக்கியிருப்பதைக் காணலாம். உள்ளதைச் சொன்னாலே போதும். இல்லாததைக் கூட்ட வேண்டியதில்லை.

கண்ணுக்கும் வேண்டும், கைக்கும் வேண்டும்

விஷயம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் காட்டுகிற முறையும் நன்றாக இருக்கவேண்டும்.

பெரும்பாலோர் இணையதளத்தைப் பார்ப்பது சின்னச் செல்போனில். அதிலே பெரிய பெரிய படங்களைப் போட்டால், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறப்பதற்குள் பொழுது போய்விடும். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்துப் போட்டால், வெயிலில் நின்று படிக்க முடியுமா? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம், குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற அளவில் இருக்கவேண்டும் என்று உலக இணைய அமைப்பு விதி வகுத்திருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காகச் செல்போனே பக்கத்தை வாசித்துக் காட்டும். அதற்கு ஒவ்வொரு படத்தோடும் அதை விளக்கும் ஒரு வரி சேர்த்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் பூநாரையும் அவர்களுக்கு இருட்டுத்தான்.

நம் இந்திய சர்க்காரும் அரசாங்க இணையதளங்களுக்கு 2009-ம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. 2023-ல் அதைப் புதுப்பித்தது. யாரும் எளிதாகப் பார்க்கும்படி இருக்கவேண்டும், செய்தி பழையதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. தனியார் தளங்களும் அதைப் பின்பற்றினால் என்ன குறைந்துவிடும்?

முக்கியமாக, தமிழ் வேண்டும்! ஆங்கிலத்தில் எழுதியதை யந்திரம் பெயர்த்துப் போட்ட தமிழ் அல்ல. பாட்டி கேட்டால் புரிகிற தமிழ். கழிவறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற தமிழ். குழந்தை குட்டியோடு புறப்படுகிற பெண்கள் முதலில் கேட்பது இதைத்தானே?

நீங்களே மார்க் போடுங்கள்!

அடுத்த தடவை எந்த ஊருக்குப் புறப்பட்டாலும், இந்தப் பத்துக் கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு “ஆம்” என்ற பதிலுக்கும் ஒரு மார்க்.

1. தளத்தை நடத்துவது யார் என்று சொல்லியிருக்கிறதா?
2. கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறதா?
3. எந்த மாதம் போகலாம், எந்த மாதம் போகக் கூடாது என்று இருக்கிறதா?
4. படங்கள் அந்த ஊரில் எடுத்தவைதானா?
5. பஸ், ரயில் வழி தெளிவாக இருக்கிறதா?
6. அபாயமும் தடையும் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா?
7. கழிவறை, தண்ணீர், வைத்திய வசதி பற்றி உண்டா?
8. ஊர் ஜனங்களைப் பற்றி மரியாதையோடு எழுதியிருக்கிறதா?
9. தமிழில், பெரிய எழுத்தில் படிக்க முடிகிறதா?
10. சந்தேகம் கேட்க டெலிபோன் நம்பர் இருக்கிறதா?

எட்டுக்கு மேல் வந்தால் தைரியமாகப் புறப்படுங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால், வேறு ஒருவரையும் விசாரியுங்கள். ஆறாவது கேள்விக்கு “இல்லை” என்றால், மற்ற ஒன்பதும் வந்தாலும் பயனில்லை!

இப்படி எழுதினால் என்ன?

நல்ல தளம் எழுதப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இதோ பாருங்கள்:

“பழவேற்காடு. ஆங்கிலத்தில் புலிகாட். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர். ரயிலில் வருவோர் பொன்னேரியில் இறங்கவும். பூநாரைகளைக் காண நவம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். காலையில் வாருங்கள். பைனாகுலர் கொண்டு வாருங்கள். கோடையில் வந்தால் பூநாரைக் கூட்டத்தைக் காண முடியாது. டச்சுக் கல்லறைத் தோட்டம் பார்க்கலாம். மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள். வலை கட்டிய இடத்தில் இறங்காதீர்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். இறாலும் நண்டும் இங்கேயே வாங்குங்கள். ஊராருக்கு நாலு காசு கிடைக்கட்டும். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.”

இருபது வரிகூட இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வருகிற குடும்பம் ஏமாறாது. மீனவரின் வலையும் அறுபடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர்கள் வந்தபடியே வீடு போய்ச் சேருவார்கள்.

மே மாதத்தில் ஏமாந்து திரும்பிய அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? மார்கழியில் மறுபடி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணி. பனி இன்னும் விலகவில்லை. கரையில் நின்றே பார்க்கிறார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலர் குழந்தையின் கைக்குப் போகிறது.

“பாட்டி! அந்தக் கோடு நடக்குது!” என்று கத்துகிறான் பையன்.

பாட்டி கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சமயத்தில் கோடு எழும்புகிறது. சிறகுகள் விரிகின்றன. வானத்தின் ஒரு மூலை மட்டும் சிவந்துபோகிறது!